கம்புக்கு என்ன விலை?

(ஆம்பூரில் இளைஞர்களிடையே பேசியதின் எழுத்து வடிவம்)



சிலம்பம் பற்றிப் பேச ஒரு வாத்தியாரைக் கூப்பிட்டிருக்கலாம். கவிதை எழுதுகிற பேங்க் கிளார்க்கைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆகவே கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சிலம்பத்துக்கு மார்க்கெட் வந்துவிட்டது. 2021ல் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் தமிழக அரசு அதைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டு. இப்போது தெருவுக்குத் தெரு அகாடமி, பேனர், சர்டிபிகேட்.

'கலையை விக்கிறானுங்க' என்று சிலர் கொதிக்கிறார்கள். அவர்களோடு நான் சேரமாட்டேன். சாவுக்குப் பறையடித்துவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களின் பிள்ளைகள் நாம். கூலி கேட்டால் மரபு கெட்டுப்போச்சு என்பது யாருடைய குரல்? பகலெல்லாம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, சாயந்திரம் சேரிப் பிள்ளைகளுக்குக் காலடி சொல்லித்தரும் வாத்தியார் இன்னாத்துக்குச் சும்மா சொல்லித்தரணும்? தட்சணை என்று வெற்றிலையில் மறைப்பதைவிட, மாசக் கட்டணம் என்று போர்டில் எழுதுவது யோக்கியமானது.

மரபு மட்டும் சுத்தமா? கடைசிப் பூட்டைச் சொந்த மகனுக்கு மட்டும் காட்டிய வாத்தியார்கள் உண்டு. பெண்பிள்ளை கையில் கம்பு கொடுக்காதவர்களும் உண்டு.

ஆனால் விற்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். ஜப்பானில் கானோ ஜிகோரோ 1880களில் ஜூடோவுக்கு டான் தரவரிசை கொண்டுவந்தார். 1924ல் கராத்தேவும் அதை எடுத்துக்கொண்டது. பயிற்சியை அளக்கிற கோல் அது. இங்கே பல இடங்களில், துட்டு கட்டினால் அடுத்த கலர் பெல்ட். சிலம்பமும் அந்த வழியில் போகுது. கேமராவுக்கு முன்னால் கம்பு சுற்றச் சில வாரம் போதும். எதிரே ஒருத்தன் கம்போடு நின்றால் சுவடு வேணும். அதற்கு மாசக்கணக்கில் கால் தேயணும்.

சர்டிபிகேட் கட்டணம் யார் பணம்? ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற அம்மா வாரக் குழுவில் கடன் வாங்கிக் கட்டிய பணம். எந்தப் போட்டி, எந்தச் சங்கம் என்று பார்த்துத்தான் அரசு ஒதுக்கீடு தருகிறது. இதைச் சொல்லாமல் காகிதம் விற்பது கலையும் இல்லை, வியாபாரமும் இல்லை, மோசடி.

1801ல் பாஞ்சாலங்குறிச்சியை அழித்த பிறகு கம்பெனி ஆயுதங்களைப் பறித்தது. ஏழையிடம் மிஞ்சியது மூங்கில். உலகத்துக்கே செருப்புத் தைக்கிறவர்கள் நாம். ஊர்த்தெருவில் செருப்புப் போடக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களும் நாம்தான். அந்த ஊரில் சேரிக்காரன் கையில் கம்பு வெறும் ஆட்டமல்ல. 'ஐயாயிரம் வருஷப் பாரம்பரியம்' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். அதைக் காப்பாற்றிய கைகள் யாருடையவை என்று ஒரு வரி கிடையாது.

ஆகவே களம் வைக்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். கட்டணம் வாங்குங்கள், கணக்கைப் பெற்றோர் முன் வையுங்கள். கட்டமுடியாத பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். பெண்பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்துங்கள். எதிரே ஆள் நின்று ஆடிய பிறகே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரின் பெயரையும், அவர் எந்தத் தெருக்காரர் என்பதையும் பேனரில் பெரிசாக எழுதுங்கள்.

வாத்தியாரின் உழைப்புக்கு விலை உண்டு. பிள்ளையின் நம்பிக்கைக்கு விலை போடாதீர்கள்.