கதையோடு கைவேலையும் வரட்டும்



சின்ன வயதில் நாம் ஆசை ஆசையாகப் பார்த்த தொலைக்காட்சித் தொடர்களை இப்போது சினிமாவாக எடுக்கலாமா? தூர்தர்ஷனில் 1997 முதல் 2005 வரை வந்த 'சக்திமான்' என்ற சாகச நாயகன் தொடர், பெரிய திரைக்கு வரப்போவதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. கேட்டதும் பலருக்கு மகிழ்ச்சி. கூடவே, கெடுத்துவிடுவார்களோ என்ற கவலை. தாராளமாக எடுக்கலாம் என்பதே என் கட்சி. ஆனால், பெயரையும் கதையையும் எடுத்துக்கொள்கிறவர்கள் அந்தத் தொடரின் கைவேலையையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்.

பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். 1965-இல் அங்கே 'தண்டர்பேர்ட்ஸ்' என்றொரு தொடர் வந்தது. ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதியின் படைப்பு. ஆபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் ஒரு தந்தை, அவருடைய ஐந்து மகன்கள். எல்லோரும் மெல்லிய கம்பிகளில் ஆடும் பொம்மைகள். பதிவுசெய்த குரலுக்கு ஏற்ப உதட்டை அசைக்க, பொம்மையின் தலைக்குள் சின்னதாக ஒரு மின்காந்தக் கருவி இருக்கும்.

இந்தப் பொம்மைகளுக்கு இயல்பாக நடக்க வராது. அதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? நடக்கும் காட்சிகளைக் குறைத்தார்கள். நாயகர்கள் சறுக்குப் பாதையில் வழுக்கிப்போய் நேராக விமானத்துக்குள் இறங்கும்படி அமைத்தார்கள். குறையை மறைக்கச் செய்த ஏற்பாடு, குழந்தைகள் கொண்டாடிய காட்சியாகிவிட்டது.

2004-இல் அதையே படமாக எடுத்தபோது பொம்மைகள் போய் மனிதர்கள் வந்தார்கள். விமானங்களெல்லாம் பளபளத்தன. ஆனால் படம் வசூலில் விழுந்தது. நன்றாக நடக்கத் தெரிந்த மனிதர் சறுக்கிக்கொண்டு போவதில் குழந்தைக்கு என்ன அதிசயம் இருக்கிறது?

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பிரிஸ்டல் நகரத்து ஆர்ட்மேன் நிறுவனம் 2007-இல் 'ஷான் தி ஷீப்' என்ற தொடரைத் தொடங்கியது. ஒரு குறும்புக்கார ஆட்டின் கதை. உருவங்களைக் கையால் இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் படம்பிடித்துக் கோர்ப்பார்கள். ஓர் அத்தியாயம் ஏழு நிமிடம்தான். வசனம் கிடையாது, பண்ணைக்காரரும் ஏதோ முணுமுணுப்பார், அவ்வளவே. 2015-இல் அது முழுநீளப் படமானது. இவ்வளவு நேரம் பேச்சில்லாமல் குழந்தைகள் உட்காருவார்களா என்று பயந்து வசனத்தைச் சேர்த்துவிடவில்லை. அதே கைவேலை, அதே பேசாத ஆடு. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

சக்திமானுக்கு வருவோம். அதன் கிராபிக்ஸ் காட்சிகள் எளியவை. அவற்றை இன்றைய தொழில்நுட்பத்தில் மெருகேற்றட்டும், நல்லதுதான். ஆனால் அந்தத் தொடரின் உயிர் இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, கங்காதர். மூக்குக்கண்ணாடியும் துருத்திய பல்லுமாக, எல்லோரும் கேலி செய்யும் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவர்தான் சக்திமான் என்பது பார்க்கிற குழந்தைக்குத் தெரியும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு! இன்னொன்று, கதை முடிந்ததும் நடிகர் முகேஷ் கன்னா சக்திமானாகவே நின்று குழந்தைகளிடம் நல்ல பழக்கங்களைப் பற்றி நேராகப் பேசியது. புதிய படத்தில் கங்காதர் மிடுக்கான வாலிபராகி, சக்திமான் வில்லன்களிடம் மட்டும் பேசுவாரானால், மிஞ்சுவது உடை மட்டுமே.

ஆகவே, படமெடுக்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பழைய தொடரை எழுதியவர்களை, படம்பிடித்தவர்களை, உடை தைத்தவர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள். எதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். திரையரங்கில் முன்வரிசையில் உட்காரப் போகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு நம்முடைய மலரும் நினைவுகள் எதுவும் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு அது முதல் சக்திமான். அன்று நமக்காக எடுத்துக்கொண்ட அக்கறையை இன்று அந்தப் பிள்ளைக்காகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.