வண்ண மீனும் ஊர்க் குளமும்
(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடந்த பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காலையிலிருந்து நெல், கரும்பு, கறவை மாடு என்று கேட்டு வந்த உங்களுக்கு, கண்ணாடித் தொட்டியில் வளரும் வண்ண மீனைப் பற்றிப் பேச்சு என்றதும் சிறிது வியப்பாக இருக்கலாம். பட்டணத்து வீட்டு அலங்காரத்திற்கும் நம் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று முன் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் கேட்டே விட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு நன்கு தெரிந்த ஒரு மீனைக் கொண்டே விடை சொல்லத் தொடங்குகிறோம்.

ஜிலேபிக் கெண்டையை அறியாதவர் இக்கூட்டத்தில் எவருமிலர். அது நம் நாட்டு மீனன்று. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. 1952ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையை வாயில் வைத்துக் காப்பது அதன் இயல்பு. ஆதலின் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சில மாதங்களிலேயே அடுத்த தலைமுறையும் முட்டையிடத் தொடங்கிவிடும். குளம் நிறைய மீன் இருக்கும். ஆனால் எல்லாம் உள்ளங்கை அளவைத் தாண்டாது. இதனைக் கண்டு 1959ஆம் ஆண்டிலேயே அதனை மேலும் பரப்பலாகாது என்று மீன்வள ஆராய்ச்சிக் குழுவினர் கூறினர். அதற்குள் அது பரவிவிட்டது. ஏழைக்கு மலிவான உணவாயிற்று என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் கெண்டையும் குறவையும் துள்ளிய எத்தனையோ குளங்களில் இன்று வலை வீசினால் ஜிலேபிதான் வருகிறது.

அந்த ஜிலேபியின் குடும்பத்திற்கே சிக்லிட் என்று பெயர். 1,700க்கு மேற்பட்ட இனங்கள் இதில் அறியப்பட்டுள்ளன. கடைகளில் நீங்கள் காணும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கர், பிளவர்ஹார்ன் ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தவையே. சென்னையிலுள்ள கொளத்தூர் வண்ண மீன் வாணிபத்திற்குப் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து மீன் வாங்கி வந்து, நம் ஒன்றியத்திலும் மகளிர் குழுவினர் சிலர் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்க்கின்றனர். நல்ல தொழில்தான், நிலமில்லாதவரும் செய்யக்கூடியது. ஆனால் கவனமின்றிச் செய்தால் தொழிலும் கெடும், குளமும் கெடும்.

முதலில் தண்ணீர். இதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர். ஏஞ்சலும் டிஸ்கஸும் அமேசான் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தவை. மென்மையான நீரை விரும்புபவை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களோ கடின நீரில் வாழ்பவை. உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்றால் அது கடின நீர். அந்த நீரில் டிஸ்கஸ் வளர்க்க முயன்று பணத்தை இழப்பதைவிட, மலாவி மீன்களை வளர்ப்பது அறிவுடைமை. நிலத்துக்கேற்ற பயிர் என்று நாம் சொல்வதில்லையா? அதுபோல நீருக்கேற்ற மீன்.

இரண்டாவது, புதிய தொட்டியில் அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதனை மாற்றித் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை இரண்டொரு மீனுடன் பொறுத்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஓர் ஊராட்சியில் மகளிர் குழுவினருக்குத் தொட்டி கட்ட உதவினோம். பக்கத்திலேயே மேல்நிலைத் தொட்டிக் குழாய் இருந்தது. வசதியென்று அதிலிருந்தே இணைப்புக் கொடுக்கச் சொன்னோம். ஒரு நாள் காலை அத்தொட்டியில் வழக்கம்போல் பிளீச்சிங் பவுடர் கரைக்கப்பட்டது. அந்த நீரையே நேராகத் திறந்து விட்டார்கள். மாலைக்குள் விற்பனைக்குத் தயாராயிருந்த ஏஞ்சல் குஞ்சுகள் அனைத்தும் மிதந்தன. குழுத் தலைவி எங்களிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் எங்களுக்கு அதிக வருத்தத்தைத் தந்தது. குளோரின் கலந்த நீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் காற்றுப்பட வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். இப்பொழுது அங்கே அதற்கென்று தனித்தொட்டி இருக்கிறது.

மீன் வாங்குவது பற்றிச் சில சொற்கள். ஏஞ்சலில் ஆண், பெண் பிரித்தறிவது எளிதன்று. ஆகையால் ஜோடி என்று சொல்லி விற்பதை நம்பாமல், ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளை வாங்கி வளர்த்தால் அவை தாமே ஜோடி சேரும். ஒரே பண்ணையிலன்றி இரண்டு பண்ணைகளிலிருந்து வாங்குவது நன்று. இல்லையேல் அண்ணன் தங்கை சேர்ந்து வம்சம் நலியும். சிறு குஞ்சிலேயே அளவுக்கு மீறிய நிறம் தெரிந்தால் ஐயப்படுங்கள். ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து நிறமேற்றுவோர் உண்டு. புதிதாக வந்த மீனை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேர்க்க வேண்டும். மலாவி மீன்களில் பல இனங்களின் பெண்கள் ஒன்றுபோலிருக்கும். அவற்றைக் கலந்து விட்டால் கலப்பினம் தோன்றி, எது எந்த இனம் என்று எவராலும் சொல்ல இயலாமற்போகும்.

நிற்க. குளத்தின் விஷயத்திற்கு வருகிறோம்.

ஆஸ்கர் பெரிதாக வளர்ந்து மற்ற மீன்களைத் தின்னும். விற்காமல் நின்றுபோன ஆஸ்கரைக் கொல்ல மனமில்லாமல், புண்ணியமென்று ஊர்க் குளத்தில் விடுகிறார்கள். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருப்புச் செய்த கெண்டைக் குஞ்சுகள் அதற்கு இரையாகின்றன. நஷ்டம் குத்தகைதாரருக்கும், அடுத்த ஏலத்தில் ஊராட்சிக்குமாம். மழைக்காலத்தில் தொட்டி வழிந்தாலும் இதே கதைதான். 2018ஆம் ஆண்டு கேரள வெள்ளத்தின்போது வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா போன்ற அயல்நாட்டுப் பெருமீன்கள் ஆறுகளில் பிடிபட்டன.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியே சான்று. அங்கே 500 அளவிலான சிக்லிட் இனங்கள் இருந்தன. 1950களில் நைல் பெர்ச் என்னும் பெரிய மீனை அதில் விட்டனர். 1980களில் அது பெருகிய வேகத்தில் சுமார் 200 இனங்கள் மறைந்தன என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். சில இனங்கள் காட்சிசாலைகளிலும் ஆர்வலர் தொட்டிகளிலும் மட்டுமே எஞ்சின.

மற்றொரு செய்தி. மடகாஸ்கர் தீவின் மங்கரஹாரா ஆற்றில் மட்டும் வாழ்ந்த ஒரு சிக்லிட், அணைகளால் ஆறு வறண்டபோது அழிந்ததாகவே கருதப்பட்டது. காட்சிசாலைகளில் எஞ்சியவை ஆண் மீன்களே. 2013ஆம் ஆண்டில் லண்டன் மிருகக்காட்சிசாலையார், எவரிடமேனும் பெண் மீன் இருக்கிறதா என்று உலகெங்கும் வேண்டுகோள் விடுத்தனர். பின்னர் அத்தீவிலேயே தேடிச் சென்று, ஓர் ஓடைப் பகுதியில் எஞ்சியிருந்த சிலவற்றைக் கண்டு, 18 மீன்களைப் பண்ணைக்குக் கொண்டு சேர்த்தனர்.

நம்மிடமும் சொந்தச் சிக்லிட்கள் உண்டு என்பதைப் பலர் அறியார். இந்தியாவில் மூன்றே இனங்கள். ஒன்று கரிமீன், பழவேற்காடு ஏரியிலும் கழிமுகங்களிலும் கிடைப்பது. கேரள அரசு 2010ஆம் ஆண்டில் அதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. மற்றொன்று கேரளத்தார் பள்ளத்தி என்னும் சிறிய ஆரஞ்சு நிற மீன். மூன்றாவது கர்நாடகக் கரையோர ஆறுகளில் மட்டுமே உள்ளது. பள்ளத்தியின் குஞ்சுகள் தாய் தந்தையின் உடலில் ஊறும் வழுவழுப்பான திரவத்தையும் கொத்தித் தின்று வளர்கின்றன. கரிமீனின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைப் பள்ளத்தி கொத்தி நீக்குவதும் உண்டு. இத்துணை அழகும் அறிவும் உள்ள மீனை விட்டு, நாம் பிளவர்ஹார்னுக்கு அலைகிறோம்! பள்ளத்தி நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும், தொட்டியிலேயே முட்டையிடும். ஆகையால் ஒரு முறை பத்து மீன் கொண்டுவந்து பெருக்கினால், மறுபடியும் கழிமுகத்தில் வலை போடத் தேவையில்லை. கரிமீன் குஞ்சு உற்பத்தியில் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் நெடுநாளாக ஈடுபட்டு வருகிறது. வழிமுறை வேண்டுவோர் அங்கே கேட்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்களிடம் நாங்கள் வேண்டுவன அதிகமில்லை. தொட்டி வைத்திருப்போர் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருக்கட்டும். தொட்டியின் வடிகாலுக்குச் சன்னமான வலை கட்டச் சொல்லுங்கள். அந்த நீரை ஓடைக்கு விடாமல் தென்னைக்கும் காய்கறிக்கும் பாய்ச்சினால் உரமுமாகும், ஒரு குஞ்சும் தப்பாது. வேண்டாத மீனைக் குளத்தில் விடாமல், விற்றவரிடமே திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்து, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தொட்டி அமைக்க மானியம் வேண்டுவோர், செலவு செய்வதற்கு முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் நடப்பு விதிகளைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். கட்டி முடித்த பின் வந்து நின்றால் எங்களால் உதவ இயலாது.

உணவுக்குப் பின் கட்டடத்தின் பின்புறத்தில் வைத்திருக்கும் மலாவி மீன் தொட்டியை எல்லோரும் பார்வையிடலாம். மூலையில் கல்லுக்கடியில் நிற்கும் மஞ்சள் மீன் ஒன்பது நாளாக இரை எடுக்காமல் இருக்கிறது. வாய் நிறைய முட்டை. தயவுசெய்து யாரும் கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.