இரண்டு ‘சைக்கோ’க்கள்

ராபர்ட் பிளாக்கின் 1959ஆம் ஆண்டு நாவலிலிருந்து ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் உருவாக்கிய ‘சைக்கோ’ 1960இல் வெளிவந்தது. அதே படத்தை 1998இல் கஸ் வான் சான்ட் மீண்டும் எடுத்தார். மறுஆக்கம் செய்பவர்கள் பெரும்பாலும் கதையை எடுத்துக்கொண்டு மற்றதைத் தம் போக்கில் அமைப்பார்கள். வான் சான்ட்டோ ஜோசப் ஸ்டெஃபானோவின் திரைக்கதை, கேமரா கோணங்கள், பெர்னார்ட் ஹெர்மனின் தந்திக் கருவி இசை என ஏறக்குறைய அனைத்தையும் அப்படியே கையாண்டார்.

மாற்றங்கள் சிலவே. கறுப்பு வெள்ளை வண்ணமாயிற்று. கதை நாயகி மரியன் கிரேன் திருடும் 40,000 டாலர் 4 லட்சமாயிற்று. ஃபீனிக்ஸ் நகரின் மேல் மிதந்துவந்து ஒரு ஜன்னலுக்குள் நுழையும் தொடக்கக் காட்சியை ஒரே ஷாட்டில் எடுக்க ஹிட்ச்காக் விரும்பினார். அன்றைய தொழில்நுட்பம் இடம்தரவில்லை. வான் சான்ட் அதைச் செய்து முடித்தார். படத்தின் அச்சம் அதனால் இம்மியும் கூடவில்லை.

குளியலறைக் கொலைக் காட்சியை ஹிட்ச்காக் ஏழு நாட்கள் எடுத்தார். திரையில் அது ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. கத்தி உடலில் இறங்குவதைக் கண் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. துண்டு துண்டான ஷாட்டுகளும் வயலின்களின் கிறீச்சிடலும் சேர்ந்து அப்படிப் பார்த்ததாக நம்பவைக்கின்றன. ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு. வான் சான்ட்டின் வண்ணப் படத்தில் ரத்தம் சிவப்பாகவே ஓடுகிறது. பார்ப்பவர் மனம் இட்டு நிரப்ப வேண்டியது அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, வான் சான்ட் நடுவே செருகிய மேகங்களின் ஷாட்டுகள் வேறு வந்து போகின்றன.

1960இல் மரியனாக நடித்த ஜேனட் லீ போன்ற நட்சத்திரம் பாதிப் படத்துக்குள் சாவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. படம் தொடங்கியபின் வருவோரை அரங்கில் அனுமதிக்கக் கூடாது என்று ஹிட்ச்காக் கண்டிப்புக் காட்டியதும் இதனால்தான். 1998இல் மரியனாக ஆன் ஹெச் குளியலறைக்குள் நுழையும்போது பெரும்பாலானோருக்கு முடிவு தெரியும். இந்த இழப்புக்கு எந்த இயக்குநரும் பொறுப்பல்ல.

மரியன் தங்கும் விடுதியை நடத்தும் நார்மன் பேட்ஸ் பாத்திரத்தில் நேர்ந்த இழப்பு அப்படிப்பட்டதல்ல. ஹிட்ச்காக் படத்தில் நார்மனாக நடித்த அந்தோணி பெர்கின்ஸ் ஒல்லியானவர், கூச்சம் மிக்க இளைஞனாகத் தெரிபவர். பாடம் செய்த பறவைகள் சூழ்ந்த அறையில் அவர் மரியனுக்கு உணவு கொடுத்துப் பேசும்போது, அம்மாவுக்கு அடங்கிய பிள்ளை என்ற இரக்கமே முதலில் எழுகிறது. மறுஆக்கத்தின் நார்மனான வின்ஸ் வான் ஆகிருதியானவர். அவருடைய சிரிப்பிலேயே விபரீதம் தெரிந்துவிடுகிறது. இவனிடமிருந்து மரியன் ஏன் விலகி ஓடவில்லை என்ற கேள்வி முந்திக்கொள்கிறது.

சதுப்புக் குட்டைக் காட்சியில் இந்த வேறுபாடு வெளிப்படையாகிறது. மரியனின் பிணத்தோடு கார் மெல்ல அமிழ்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. வாயில் எதையோ மென்றுகொண்டிருந்த பெர்கின்ஸ் பதறுகிறார். கொலையை அப்போதுதான் பார்த்த ரசிகர்களும் கார் முழுகவேண்டுமே என்று அவரோடு தவிக்கிறார்கள். மறுஆக்கத்திலும் கார் அதேபோல் நிற்கிறது, பிறகு முழுகுகிறது. பார்ப்பவர் யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.