பேசாத ஆசான்



கத்தியைக் கையில் எடுக்கும் மாணவன் முதன்முதலில் எதை அறுக்க வேண்டும்? இவ்வினாவுக்கு நம் நாட்டுச் சுசுருத சங்கிதை மிகப் பழங்காலத்திலேயே விடை கூறியுள்ளது. சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழகு. நீர் நிறைத்த தோற்பையில் கீறிப் பழகு. கட்டுக் கட்டுவதை மனித உருவில் அமைத்த பாவையின் அங்கங்களிற் பழகு என்கிறது அந்நூல். எத்துணை சாத்திரம் கற்றவனாயினும் கைப்பழக்கம் இல்லாதவன் சிகிச்சைக்குத் தகுதியற்றவன் என்பது அதன் துணிபு.

18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்திலும் இவ்வெண்ணம் தோன்றிற்று. மேடம் து கூத்ரே என்னும் மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் கருவுற்ற பெண்ணின் இடுப்பையும் குழவியையும் சமைத்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று, ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறப் பெண்களுக்குப் பேறு பார்க்கக் கற்பித்தார். எழுத்தறியாதவரும் தொட்டுத் தொட்டுக் கற்றனர்.

1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தொழிலதிபர் ஆஸ்முண்ட் லேர்டால், நின்றுபோன மூச்சை மீட்கும் முறையைப் பயிற்றுவதற்கென ஒரு பாவையை உருவாக்கினார். மருத்துவர் பீட்டர் சபாரின் யோசனைப்படி, மார்பை அழுத்திப் பழகுவதற்காக அதனுள் வில்சுருளும் பொருத்தப்பட்டது. பாரிஸ் நகரத்துச் சேன் நதியில் மாண்டவள் எனப்படும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகவார்ப்பே அதற்கு முகமாயிற்று.

இன்றைய பாவைகளுக்கோ நாடி துடிக்கின்றது. மார்பு ஏறி இறங்குகின்றது. கண்மணி ஒளி கண்டு சுருங்குகின்றது. ஆசிரியர் மறைவிலிருந்து இரத்த அழுத்தத்தைத் திடீரெனக் குறைப்பார். மருத்துவரும் செவிலியரும் ஒருங்கே செயற்பட வேண்டும். பின்னர், எங்கே தவறினோம் என்று அமர்ந்து ஆராய்வார்கள். பாவை எத்தனை முறை மாண்டாலும் மீண்டும் பிழைத்தெழும். நோயாளிக்கு அந்த வாய்ப்பு ஏது?

இப்பயிற்சி மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. வளர்ந்தவர் ஒருவரின் இதயம் நின்றுவிட்டால், மார்பின் நடுவே 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். அந்த ஆழத்தைக் காதாற் கேட்டறிய இயலாது; கைதான் அறிய வேண்டும். உற்றார் உறவினரைப் பிரிந்து தொலைவில் வாழும் நமக்கு, ஆபத்து வேளையில் அண்டை வீட்டாரே சுற்றம். அவர்களுக்கு நாமே சுற்றம். ஆதலின் நீங்கள் வாழும் ஊரில் இப்பயிற்சி கிடைக்குமாயின், ஒரு நாளை அதற்கென ஒதுக்குங்கள்.

பாவை கைக்குத் திறன் தரும். அஞ்சிக் கிடப்பவரிடம் காட்டவேண்டிய அன்பை மட்டும் நாமே கொண்டுசெல்லல் வேண்டும்.