ஈயக் குண்டும் ஈய எழுத்தும்



புனேயில் வாழும் நம்மவர் கட்கி வழியே செல்கையில் வெடிமருந்துத் தொழிற்சாலையைக் கண்டிருப்பர். அது 1869-இல் தோன்றியது. அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்குத் தொழிற்சாலை தேவைப்படவில்லை. துப்பாக்கியோடு குறடு போன்ற வார்ப்பச்சு ஒன்றும் இருக்கும். காரீயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். அடுப்பும் இரும்புக் கரண்டியும் இருந்தால் வேலை நடக்கும்.

ஆயினும் அது எளிய வேலை என்று எண்ணிவிட வேண்டாம். வார்ப்பச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் நிறையுமுன்னரே உறைந்து, குண்டில் சுருக்கம் விழும். உள்ளே ஈரம் சிறிது இருந்தாலும் நீராவி கிளம்பி, கொதிக்கும் ஈயம் முகத்தில் தெறிக்கும். அடுப்படிப் புகை நஞ்சு என்பதோ இன்று எல்லோரும் அறிந்தது. இவற்றோடு வார்ப்பச்சுக்கு வார்ப்பச்சு அளவும் வேறுபடும். ஆகவே ஒருவன் வார்த்த குண்டு மற்றவன் துப்பாக்கியில் இறங்காது; இறங்கினாலும் தொளதொளவென்று கிடக்கும்.

மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவன் குண்டைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். நாம் படித்த நூல்களின் எழுத்தும் இதே ஈயத்தில் பிறந்ததுதான். எஃகில் எழுத்தை வெட்டிச் செம்பில் அடித்தால் பள்ளமான பதிவு கிடைக்கும். அதை இரு பகுதியான வார்ப்பச்சின் அடியில் பொருத்தி ஈயத்தை ஊற்றுவார்கள். தனி ஈயம் மென்மையானது, உறையும்போது சுருங்குவது. எனவே வெள்ளீயமும் ஆண்டிமனியும் கலப்பார்கள். குண்டு சற்றுக் கோணினாலும் பறக்கும். எழுத்து மயிரிழை உயர்ந்தாலும் வரி கெடும்.

புனேக்கும் இதில் ஒரு கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நானா பட்னவீஸ் கீதையை அச்சிட விரும்பி, செம்புக் கொல்லர் ஒருவரைக் கொண்டு நாகரி எழுத்துகளை வெட்டத் தொடங்கினார். பணி இங்கே முற்றுப்பெறவில்லை. பின்னர் மிரஜில், செப்புத் தகட்டில் செதுக்கி, 1805-இல் கீதை அச்சாயிற்று. தகட்டில் வெட்டிய எழுத்து அந்த ஒரு பக்கத்துக்கே உதவும். வார்த்த எழுத்தையோ பிரித்தெடுத்து அடுத்த பக்கத்துக்கும் கோக்கலாம்.

தமிழுக்கு அந்த வசதி இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வந்துவிட்டது. வந்த இடந்தான் நமக்கு வியப்பளிக்கும். தமிழ் எழுத்து முதலில் வார்க்கப்பட்டது தமிழகத்தில் அன்று. இம்மேற்குக் கரையில், கோவாவில், 1577-இல். அவ்வெழுத்து மனநிறைவு தரவில்லை போலும். மறு ஆண்டே கொல்லத்தில் புதிதாக வார்த்தார்கள். அன்ரீக்கே அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் அங்கே அச்சாயிற்று. பதினாறே பக்கம். இறுதிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லத்து எழுத்தும் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. வார்த்தவர்கள் தங்கள் முதல் முயற்சியை மறைக்காமல் பக்கத்திலேயே வைத்துக் காட்டினார்களே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இதைவிடச் சுவையானது தரங்கம்பாடி வரலாறு. சீகன்பால்கு பாதிரியாருக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. தமிழ் அறியாத கைகள் வார்த்தவை. அளவிலோ மிகப் பெரியவை. நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714-இல் அச்சிட்டபோது காகிதம் மளமளவென்று கரைந்தது. அந்நாளில் காகிதம் கப்பலில் வரவேண்டிய பொருள். எழுத்தைச் சிறிதாக்கினால் ஒழிய நூல் முடியாது என்ற நிலை. ஆகவே அங்கேயே சிறிய எழுத்தை வார்க்க முற்பட்டனர். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அச்சிறிய எழுத்தைக் கொண்டு எஞ்சிய பகுதியை அச்சிட்டு, 1715-இல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள்.