இந்த ஆண்டு போனஸ் எத்தனை விழுக்காடு?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 20:1-16)



செப்டம்பர் பிறந்துவிட்டால் தாம்பரம் ரயில் நிலையத்தில் நம் காதில் விழும் பேச்சே மாறிவிடுகிறது. "எங்களுக்கு இந்த வருஷம் இருபதாம்." "யார் சொன்னது?" "யூனியன்ல ஒருத்தர் சொன்னாராம்." "எங்க கம்பெனியில 8.33தானாம். அதோட ஆளையும் குறைக்கப் போறாங்களாம்." கவனித்துப் பாருங்கள். எல்லாச் சொல்லும் 'ஆம்' என்றே முடிகிறது. இருபதாம், தானாம், போறாங்களாம். யாரும் எதையும் நேரில் கேட்கவில்லை. ஆனால் அந்த 'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித்தான் பல வீடுகளில் தீபாவளித் துணியும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும், அடகு நகையை மீட்பதும் கணக்கிடப்படுகின்றன.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் எண்ணெய்த் துறையை நம்பி வாழ்கிறது. கணவர் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பணியாளர். பெருங்களத்தூர்ப் பக்கம் வீடு வாங்கினார்கள். "இந்த ஆண்டு ஊக்கத்தொகை பெரிதாக வரும்" என்று கைப்பேசியில் வந்த செய்தியை நம்பி, மனைவியின் நகையை வைத்து முன்பணம் கொடுத்தார்கள். வந்த தொகை அதில் பாதிகூட இல்லை. அடுத்த மாதமே இன்னொரு செய்தி: கம்பெனியை விற்கப் போகிறார்களாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரவு உணவு நேரத்தில் பேச்சே இல்லை.

அன்புக்குரியவர்களே, இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. நம் கண்முன்னே நடந்தவற்றை எண்ணிப் பார்ப்போம். 2019 நவம்பரில் பாரத் பெட்ரோலியம் நிறுவனத்தில் அரசுக்கு இருந்த ஏறக்குறைய 53 விழுக்காடு பங்கை விற்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2020இல் விருப்ப ஓய்வுத் திட்டமும் வந்தது. போவதா, இருப்பதா என்று பல குடும்பங்கள் இரவெல்லாம் பேசின. கடைசியில் 2022 மே மாதம் அரசே அந்த விற்பனையைக் கைவிட்டது. இரண்டரை ஆண்டுகள் பட்ட கலக்கத்தை யார் திருப்பித் தருவார்?

நம் மணலி சுத்திகரிப்பு ஆலையையே எடுத்துக்கொள்வோம். 2019-20ஆம் ஆண்டு அதற்கு இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் நட்டம். மூன்றே ஆண்டுகளில், 2022-23இல், மூவாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய்க்கும் மேல் லாபம். நட்டம் வந்த ஆண்டில் அங்குள்ள தொழிலாளி சோம்பிக் கிடந்தாரா? இல்லை. அதே வெப்பத்தில், அதே இரவு ஷிப்டில்தான் நின்றார். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் அது பூச்சியத்துக்கும் கீழே போனதை நாம் மறக்கவில்லை. எங்கோ விழுகிற விலை, இங்கே ஒரு வீட்டின் அடுப்பைத் தொடுகிறது.

எண்ணெய்த் துறை மட்டுமா? 2021 செப்டம்பர் 9 அன்று, மறைமலைநகரில் ஃபோர்டு கார்த் தொழிற்சாலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை எத்தனை வீடுகள் இடிந்துபோய் உட்கார்ந்தன!

இந்த மனநிலையோடுதான் இன்றைய நற்செய்தியைக் கேட்கிறோம். திராட்சைத் தோட்ட உரிமையாளர் விடியற்காலையிலேயே ஆள்தேடிச் சந்தைவெளிக்குப் போகிறார். அந்தச் சந்தைவெளியைப் பார்க்க நாம் பாலஸ்தீனம் போக வேண்டியதில்லை. காலை ஆறு மணிக்கு நம் புறநகர்த் தேநீர்க் கடை ஓரங்களில் தூக்குவாளியோடு நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் பார்த்தால் போதும். மேஸ்திரி வந்து கைகாட்டியவர் வண்டியில் ஏறுகிறார். மற்றவர் நிற்கிறார். ஒன்பது மணி, பன்னிரண்டு மணி, இன்னும் நிற்கிறார்.

மாலை ஐந்து மணிக்கும் நின்றவர்களிடம் உரிமையாளர் கேட்கிறார்: ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள்? எங்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அழைக்கப்படாதவர்கள். அவர்களுக்கும் அவர் ஒரு தெனாரியம் கொடுக்கிறார். ஒரு தெனாரியம் என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் பிழைப்பு. ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு முழுப் பசிதானே!

முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்குப் பேசிய கூலி குறைந்ததா? ஒரு காசும் குறையவில்லை. தங்கள் கையைப் பார்த்தபோது நிறைவாக இருந்தது. அடுத்தவன் கையைப் பார்த்தபோதுதான் கசந்தது. நம் போனஸ் பேச்சும் பல நேரம் இப்படித்தான். 'எவ்வளவு வந்தது' என்பதைவிட, 'அவனுக்கு எவ்வளவு வந்தது' என்பதே நம்மை வாட்டுகிறது.

அப்படியானால் உரிமையைக் கேட்கக் கூடாதா? கட்டாயம் கேட்கலாம். மாலைக்குள் கூலியைக் கொடுத்துவிடு என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். உழைப்பவரும் அவர் குடும்பமும் வாழப் போதிய கூலியே நீதியான கூலி என்று திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இலேயே கற்பித்தார். நம் நாட்டிலும் 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், குறைந்தது 8.33 விழுக்காடு என்று வரையறுத்தது. பன்னிரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு மாதப் பங்கு அது. போனஸ் முதலாளி போடும் பிச்சை அல்ல.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, கைக்கு வராத பணத்தைச் செலவழிக்காதிருப்போம். 'ஆம்' என்று முடியும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். அறிவிப்புப் பலகையில் வரட்டும். சங்கப் பொறுப்பாளர் கையெழுத்தோடு சொல்லட்டும். அதுவரை கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து, இருக்கும் சம்பளத்துக்குள் கணக்கு எழுதுவோம்.

இரண்டாவது, நமக்கு அருகில் ஐந்து மணி வரை நிற்கிறவரைப் பார்ப்போம். அதே ஆலையில், அதே குழாயடியில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு என்ன கிடைக்கிறது என்று நிரந்தரப் பணியாளரான நாம் கேட்டிருக்கிறோமா? ஓராண்டில் 30 நாள் உழைத்தாலே போனஸ் பெறும் தகுதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதை அவருக்கு எடுத்துச் சொல்வோம். நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்குப் பண்டிகைக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கிறோமா என்பதையும் எண்ணிப் பார்ப்போம். நிறுவனத்திடம் எதிர்பார்ப்பதை நாமும் கொடுப்போம்.

மூன்றாவது, வேலை இழந்தவரைத் தனியே விடாதிருப்போம். வேலை போனதும் பலர் முதலில் நிறுத்துவது கோயிலுக்கு வருவதைத்தான். "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு அஞ்சுகிறார்கள். அன்பியக் கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். அறிவுரை வேண்டாம். ஒரு காபி குடித்துவிட்டு, தெரிந்த இடத்தில் வேலை இருந்தால் சொல்லிவிட்டு வருவோம்.

நாம் முதலில் சொன்ன அந்தக் குடும்பத்தில் கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு நாள் மனைவி சொன்னார்: "போனஸ் வரட்டும், வராமல் போகட்டும். நீங்கள் சாப்பிடும்போது பேசுங்கள், அது போதும்." அன்று அந்த வீட்டுக்கு ஒரு தெனாரியம் வந்து சேர்ந்தது.

ஐந்து மணிக்கும் நம்மைத் தேடி வரும் ஆண்டவரே, உழைப்பவருக்கு நீதியான கூலியும், வேலை தேடுவோருக்கு வாய்ப்பும், எங்கள் வீடுகளுக்கு அமைதியும் தந்தருளும். ஆமென்.