பொய் யானையும் கணினியும்

(கொல்கத்தா கரியாஹாட்டில், தமிழ்க் குடும்பத்தார் கூடிய தொடர்கல்வி வகுப்பில் பேசிய உரை)



இன்று கணினியைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு முன் ஒரு பழைய கதை.

உதயணன் என்று ஓர் அரசன் இருந்தான். கோசாம்பி அவனுடைய ஊர். யானை என்றால் அவனுக்கு உயிர். யாழை மீட்டியே மத யானையை அடக்கிவிடுவான். அவனைச் சிறைபிடிக்க நினைத்தான் உச்சயினி அரசன் பிரச்சோதனன். நேரே போரிட்டு வெல்வது கடினம். அதனால் ஒரு பொய் யானையைச் செய்தான். அதற்குள் வீரர்களை ஒளித்து வைத்தான். காட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். உதயணன் ஆசையோடு கிட்டே போனான். வீரர்கள் வெளியே பாய்ந்தார்கள். அரசன் அகப்பட்டான். தமிழில் பெருங்கதை, உதயணகுமார காவியம் ஆகிய நூல்கள் இந்த உதயணனின் கதையைச் சொல்கின்றன.

கிரேக்க நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. அங்கே யானை இல்லை, மரக்குதிரை. டிராய் என்னும் நகரத்தார் அந்தக் குதிரையைத் தாங்களே உள்ளே இழுத்துப் போனார்கள். இரவில் குதிரைக்குள் இருந்த வீரர்கள் இறங்கிக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கணினிக்குள் இப்படி வேடம் போட்டு நுழையும் கெட்ட நிரலுக்கு அந்த நகரத்தின் பெயரால் 'ட்ரோஜன்' என்று பெயர். நிரல் என்றால் என்ன? கணினி செய்ய வேண்டிய வேலைகளை எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு.

இரண்டு கதைகளிலும் ஒன்றைக் கவனித்தீர்களா? பகைவன் மதிலை உடைக்கவில்லை. உள்ளே இருந்தவர்தான் அவனிடம் போனார், அல்லது அவனை அழைத்து வந்தார். ட்ரோஜனும் அப்படித்தான். பெரும்பாலும் நம் கை அழுத்தித்தான் அது உள்ளே வருகிறது.

எப்படி வருகிறது?

1989 டிசம்பரில் அது தபாலில் வந்தது. எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி, சுமார் 20,000 பிளாப்பி தகடுகளைப் பல நாட்டாருக்கு அனுப்பினார்கள். அதைக் கணினியில் போட்டவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கணினியை ஏறத்தாழ 90 முறை இயக்கிய பிறகு கோப்புகளின் பெயர்கள் மறைந்தன. 189 டாலர் பணத்தைப் பனாமா நாட்டுக்கு அனுப்பு என்று திரையில் எழுத்து வந்தது.

இன்று அது மின்னஞ்சலில் வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிறது. ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவில் வருகிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் 'இலவசம்' என்று கிடைக்கும்போது அதற்குள் ஒளிந்து வருகிறது. அப்படிப்பட்ட இடங்களில் 'பாதுகாப்பு நிரலை நிறுத்திவிட்டு இதை நிறுவுங்கள்' என்று எழுதியிருப்பார்கள். நாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திற என்று ஒருவன் சொன்னால் அவன் யார்?

பெயரின் கடைசியைப் படியுங்கள்

கரியாஹாட் நடைபாதைக் கடையில் நாம் எப்படிப் புடவை வாங்குகிறோம்? மேல்மடிப்பைப் பார்த்து வாங்குவதில்லை. பிரித்து, முந்தானையைப் பார்த்து, கரையைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். கோப்பையும் அப்படியே பாருங்கள்.

பெரும்பாலான கோப்புகளின் பெயரில் கடைசியில் ஒரு புள்ளி இருக்கும். அதற்குப் பின் சில ஆங்கில எழுத்துகள் இருக்கும். அது என்ன வகைக் கோப்பு என்று சொல்வது அந்த எழுத்துகள்தான். ஜே.பி.ஜி. என்றால் படம். பி.டி.எஃப். என்றால் ஆவணம். இ.எக்ஸ்.இ. என்றால் நிரல். ஒருவர் 'மின்கட்டண பில்' என்று அனுப்புகிறார். பெயரில் பி.டி.எஃப். என்று இருக்கிறது. ஆனால் அதற்கும் பின்னால் இன்னொரு புள்ளி, இ.எக்ஸ்.இ. என்று முடிகிறது. அப்படியென்றால் அது பில் அல்ல. வேடம் போட்ட நிரல்.

விண்டோஸ் கணினி இந்தக் கடைசி எழுத்துகளை வழக்கமாக மறைத்து வைக்கும். விண்டோஸ் 11-இல் கோப்புகள் உள்ள சன்னலைத் திறந்து, 'வியூ', பிறகு 'ஷோ', பிறகு 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை அழுத்தினால் அவை தெரியும். இதை இன்றே செய்துவிடுங்கள்.

கைப்பேசியில் ஏ.பி.கே. என்று முடிந்தால் அது நிரல். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் இதை அனுப்பிப் பணம் திருடுகிறார்கள். பத்திரிகை எதற்கு நிரலாக வர வேண்டும்?

உதவி என்று வருபவர்

திடீரென்று திரையில் சிவப்பு எழுத்து மின்னும். 'உங்கள் கணினியில் வைரஸ். உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று வரும். பேசாதீர்கள். இப்படி வெளிநாட்டாரைப் பயமுறுத்தி ஏமாற்றிய போலி அழைப்பு மையங்களை, நம் கொல்கத்தாவிலும் சால்ட் லேக்கிலும் காவல்துறை பலமுறை பிடித்திருக்கிறது. சரிசெய்கிறேன் என்று சொல்லி, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் நிரலை நம்மையே நிறுவ வைப்பார்கள். வீட்டுச் சாவியை நாமே கொடுத்த கதைதான்.

கூடங்குளத்தில் நடந்தது

படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள், பெரிய நிறுவனத்துக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கணினியில் கெட்ட நிரல் இருப்பதை மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் கண்டறிந்தது. அக்டோபர் 29 அன்று, அணுமின் நிலையம் இணையத் தாக்குதல் எதுவும் இல்லை என்றது. மறுநாளே, இந்திய அணுமின் கழகம் ஒரு கணினியில் கெட்ட நிரல் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. அது அலுவலக நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி. அணு உலையை இயக்கும் அமைப்பு அதனோடு சேராமல் தனியாக இருந்தது. அதனால் அது பாதிக்கப்படவில்லை என்று கழகம் தெரிவித்தது.

இதில் நமக்கு இரண்டு பாடம். முக்கியமானதைத் தனியே பிரித்து வை. நடந்ததை மறைக்காமல் சொல்.

எப்படித் தெரியும்?

கணினி வழக்கத்தைவிட மெதுவாக ஓடும். வேலை இல்லாதபோதும் உள்ளே விசிறி இரையும். நாம் நிறுவாத நிரல் தெரியும். பாதுகாப்பு நிரல் தானாக நின்றுவிடும். நாம் அனுப்பாத அஞ்சல் நம் பெயரில் போகும். இவற்றில் ஒன்று இருந்தாலே ட்ரோஜன் என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய கணினியும் மெதுவாக ஓடும். ஆனால் சோதித்துப் பாருங்கள்.

எப்படி நீக்குவது?

பதற்றம் வேண்டாம். கணினி பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகச் செய்யுங்கள்.

1. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். திருடிய செய்தி வெளியே போகாது. பென் டிரைவ் எதையும் செருகாதீர்கள்.

2. அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். வேறு நல்ல கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றுங்கள்.

3. நிறுவிய நிரல்களின் பட்டியலைத் தேதி வரிசையில் பாருங்கள். சமீபத்தில் வந்த, நமக்குத் தெரியாத நிரலை நீக்குங்கள். பெயர் புரியாவிட்டால் கேட்டுவிட்டு நீக்குங்கள்.

4. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்னும் பாதுகாப்பு நிரல் கூடவே இருக்கிறது. காசு இல்லை. அதைப் புதுப்பிக்க மட்டும் இணையத்தைக் கொஞ்ச நேரம் கொடுங்கள். பிறகு 'ஃபுல் ஸ்கேன்' செய்யுங்கள். சில மணி நேரம் ஆகலாம். அது காட்டும் கெட்ட கோப்புகளை நீக்கச் சொல்லுங்கள்.

5. அதே இடத்தில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு அதை அழுத்துங்கள். கணினி அணைந்து எழும். விண்டோஸ் முழுதாக இயங்கும் முன்பே சோதனை நடக்கும். திருடன் விழிக்கும் முன் கையைக் கட்டுவது போன்றது இது. சுமார் 15 நிமிடம் ஆகும்.

6. மறுபடி ஒருமுறை சோதியுங்கள். இன்னும் போகவில்லையா? படங்கள், ஆவணங்களை மட்டும் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். நிரல் எதையும் எடுக்காதீர்கள். பிறகு விண்டோஸை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். எடுத்து வைத்ததைச் சோதித்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள்.

மத்திய அரசு 2017-இல் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' என்னும் மையத்தைத் தொடங்கியது. அதன் தளத்தில் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் திருடனுக்குத்தான் நேரம் கிடைக்கும்.

நண்பர்களே, முன்பு நம்மில் பலர் அடுத்தவர் படித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தோம். இன்று நாமே படிக்கிறோம். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று இங்கே கற்றோம். திரையில் 'சரி' என்று அழுத்துவதும் ஒரு கையெழுத்துத்தான். கோப்பின் கடைசி எழுத்தையும் படித்த பிறகே அழுத்துங்கள்.

கூடிப் பேசுங்கள்:

உங்கள் வீட்டுக் கணினியில் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகள் தெரிகின்றனவா?

கடந்த மாதம் உங்கள் கைப்பேசிக்கு வந்த எந்தச் செய்தி பொய் யானை போல் இருந்தது?

1930 என்ற எண்ணை வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எங்கே எழுதி ஒட்டுவீர்கள்?